கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தலை

மார்ச் 3, ஞாயிறு

வகிடு முழுக்க வெள்ளை. இனி வாரி மறைக்க வழியில்லை. சாயத்தைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டு குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். தன் கையே தனக்கு உதவி என்று சொன்னவருக்குப் பின்மண்டை இருந்திருக்காது. முன்பக்கம் நானே பூசிக்கொள்வேன். பின்பக்கம் எப்போதும் அவர்தான்.

பெயின்டரைக் கட்டிக்கொண்டவளுக்குச் சாயம் பூசுவது சும்மா நடக்காது. தரையில் செய்தித்தாள், காதோரம் டேப், புது பிரஷ். "மூலைய முதல்ல முடிக்கணும்" என்று காதுக்குப் பின்னால்தான் ஆரம்பிப்பார். இன்று கூடுதலாக ஒரு யோசனை. "வெறும் கறுப்பு அடிச்சா தொப்பி வெச்ச மாதிரி இருக்கும். துளி பிரவுன் சேக்கணும்." மகள் கல்யாணமாகிப் போனபோது அலமாரியில் விட்டுப்போன டியூப் ஒன்றைத் தேடி எடுத்துவந்தார். துளி என்று ஆரம்பித்தவர், "இன்னும் ஏறலையே, ஏறலையே" என்று முழுவதையும் பிழிந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

அலசியபின் அந்த மங்கல் பல்பில் கறுப்பாகத்தான் தெரிந்தது. "காலேஜ் பொண்ணு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 4, திங்கள்

பல் மருத்துவமனையில் என் மேசைக்கு நேர் மேலே வெள்ளை டியூப் லைட். டாக்டரம்மா முகமூடிக்கு மேலே கண்ணை விரித்து, "புதுசா இருக்கே!" என்றார். பல் பிடுங்க வந்த ஒரு சின்னப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, "கத்தரிக்கா ஆன்ட்டி!" என்று கத்தினாள். கழிவறைக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். கத்தரிப்பூ. சந்தேகமே இல்லாத கத்தரிப்பூ நிறம்.

இன்னைக்கு இருக்கு இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்தேன். வாசலில் மாலை வெயிலில் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னா கறுப்பு! கலந்தது யாரு?" கிண்டல் இல்லை. அப்படி மலர்ந்திருந்தது முகம். வாய் வரை வந்த சண்டையை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 5

குப்பைத் தொட்டியிலிருந்து டியூபை எடுத்துப் பார்த்தேன். டியூப் மேலேயே கத்தரிப்பூத் தலையோடு ஒருத்தி சிரிக்கிறாள். இது எப்படி அவருக்கு பிரவுனாகத் தெரிந்தது?

மார்ச் 9, சனி

மகள் வந்தாள். என்னைப் பார்த்ததும் வெடித்துச் சிரிக்கப் போனவளைக் கண்ணாலேயே அடக்கி, சமையலறைக்கு இழுத்துப்போனேன். அப்பா இதைக் கறுப்பு என்கிறார் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணுல ஏதோ இருக்கு. சொல்லிடு."

எப்படிச் சொல்ல? மற்ற பெயின்டர்கள் நிறம் பிடிக்கக் கடையின் மிஷினுக்கு ஓடுவார்கள். இவர் சுவரை ஒருமுறை பார்த்தால் போதும், கலந்துவிடுவார். கல்யாணமான புதிதில் இதே சமையலறைக்குப் பச்சை அடித்தார் – முதல்முறை என்னைப் பார்த்தபோது நான் போட்டிருந்த துப்பட்டாவின் பச்சை. ஞாபகத்திலிருந்தே கலந்தது. துப்பட்டாவைச் சுவரில் வைத்துப் பார்த்தேன், ஒட்டே தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஆள்மேல் எனக்கு ஆசை வந்தது. கல்யாணம் அதற்கு முன்பே ஆகிவிட்டிருந்தது, அது வேறு கதை.

அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் போய்ச் சொல்வதா?

மார்ச் 14, வியாழன்

மத்தியானமே வந்துவிட்டார். பிரஷ்களைக்கூடக் கழுவவில்லை. பழைய சுவரில் ஒரு பகுதியை மட்டும் பூசித் தர ஒப்புக்கொண்ட வீடு. திட்டுத் திட்டாக இருக்கிறது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தம்மா வீட்டு லைட்டே சரியில்ல. டப்பாவிலயும் கோளாறு. நான் கலந்தது சரிதான்." பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "உன் தலையப் பாரு. அதையும் இந்தக் கைதானே கலந்துச்சு?"

என் தலையையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்! இதற்கு மேல் நான் எப்படிச் சும்மா இருக்கிறது?

"என்னங்க... இது கறுப்பு இல்லீங்க. கத்தரிப்பூக் கலரு."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் என்னை பால்கனிக்கு அழைத்துப்போய், ஒரு கற்றையைத் தன் கறுப்புக் குடையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மகளுக்குப் போன் போட்டார். "அம்மா தலை என்ன கலரும்மா?"  "வயலட்டுப்பா" என்றது அந்தப் பக்கம் மெல்லிய குரல்.

குடையை மடக்கி மூலையில் வைத்தார்.

"இத்தனை நாளா இதோடயா வேலைக்குப் போயிட்டு வந்த?"

"ஆமா."

"ஏண்டி சொல்லல?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் அவருக்குக் கை கால் ஓடாது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார், பாவம், பெயின்ட் கையோடு.

மார்ச் 15

கண் டாக்டரிடம் போன் செய்து நாள் வாங்கினேன். படுக்கும்போது கேட்டார், "கண்ணுல ஊசி போடுவாங்களா?"

மார்ச் 19, செவ்வாய்

கண்புரை. இரண்டு கண்ணிலும். உள்ளே இருக்கும் லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிட்டதாம். "மெதுவா வர்றதால அவங்களுக்கே தெரியாது" என்றார் கண் டாக்டர். இவர் வலிக்குமா என்றுகூடக் கேட்கவில்லை. "கலர் திரும்ப வருமா சார்?" என்று கேட்டார். வரும் என்றதும்தான் என் கையை விட்டார். அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் மரத்துப்போயிருந்தது.

வழியில் கறுப்புச் சாயம் வாங்கக் கடையில் நின்றேன். தடுத்துவிட்டார். "மாத்தாதே. நான் அதைப் பாக்கணும்."

ஏப்ரல் 2

வேரில் வெள்ளை, மேலே கத்தரிப்பூ. இப்போது முள்ளங்கியும் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா நிறத்தை மாற்றாதே என்கிறார் – குழந்தைகள் அழாமல் வாயைத் திறக்கிறார்களாம்.

ஏப்ரல் 10, புதன்

முதலில் வலது கண். உள்ளே அழைத்துப்போய்விட்டார்கள். அவர் சட்டை என் மடியில் இருக்கிறது, காலரில் பெயின்ட் கறை. சின்ன ஆபரேஷன் என்று எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். எனக்குப் பயமாயிருக்கு. நிறம் வரலைன்னா இந்த மனுஷன் என்ன பண்ணுவாரு?

ஏப்ரல் 11

கட்டைப் பிரித்தார்கள். கண்ணைச் சிமிட்டிவிட்டு நேராக என்னைத்தான் பார்த்தார். என் தலையில் பார்வை நின்றது.

"அடிப்பாவி!"

சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தேய்க்கக் கூடாது என்று நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த அழகோட எனக்காக ஊரெல்லாம் சுத்தினியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மே 12, ஞாயிறு

இடது கண்ணும் முடிந்து, டாக்டரும் வேலைக்குப் போகலாம் என்றுவிட்டார். போன வாரமே, அனுப்பிவிட்ட வீட்டுக்குத் தானாகப் போய் அந்தச் சுவரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார்.

இன்று என் முறை. இந்தத் தடவை பால்கனியில், பகல் வெளிச்சத்தில். ஒரு கற்றையில் பூசிப் பார்த்தார், தலையை ஆட்டினார், கொஞ்சம் பிரவுன் சேர்த்தார். "ஆடாதே" என்று மண்டையில் குட்டு வேறு.

மே 13, திங்கள்

டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சின்னப் பெண் மட்டும் என் மேசைக்கே வந்து, "கத்தரிக்கா ஆன்ட்டி லீவா?" என்று என்னிடமே கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், காத்திருந்தவர் போலக் கேட்டார்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சாயம்னு யாருமே கண்டுபிடிக்கலைங்க."

மலர்ந்த முகத்தோடு சாய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். அதை நேற்றே கழுவிக் காயவைத்திருந்தார்.