எனக்காக நேர்ந்த கிடா

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். நைனாவிடம் வேண்டவே வேண்டாம்.

ஆடி, வியாழன்

வெயில். கழுத்துத் தடிப்பு அடங்கிவிட்டது. பாய்க்கடியில் இன்னும் வேப்பிலை.

போன ஞாயிறு மதியம் கறிக்குழம்பு. ராத்திரி உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு. "ஆத்தா எறங்கிக்கீறாடி, ஆடாத படு" என்று அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தொண்டை அடைத்து மயங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் என் கணுக்காலில் இருந்த வடுவைப் பார்த்தார். "வீட்ல ஆடு இருக்கா?" கறுப்பன், எங்கள் கிடா. அவனுக்கு உண்ணி பொறுக்குவது நான்தான். உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி ஆகாமல் போகுமாம். சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் காட்டுமாம். "இனிமே ஒரு துண்டு கூடக் கூடாது. அடுத்த தடவை உயிருக்கே ஆபத்து."

வெளியே வந்ததும் அம்மா: "என்னை உண்ணி கடிக்கலியா? நான் செத்தா பூட்டேன்?"

வெள்ளி

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடிந்து நைனா வந்தார். டாக்டர் சீட்டைப் படித்தார். மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

நான் மயங்கிக் கிடந்தபோது வேண்டிக்கொண்டாராம். புள்ள பிழைத்தால் கறுப்பனை வெட்டுவதாக. ஞாயிறு, கூழ் ஊற்றும் அன்றைக்கே. யாருக்காக வேண்டுதலோ அவர்கள்தான் முதல் வாய் சாப்பிட வேண்டும்.

அழுதேன். "ஆட்டுக்கு இன்னாத்துக்குடி ஒப்பாரி?" என்று சிரித்தார்கள்.

சனி

தூறல். இயற்பியல் டெஸ்டில் பதினொரு மார்க். நாளைக்குத் தப்பிக்க வழிகள்:

1. தூரம் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். "பத்து நாள்தானே ஆவுது, யாருக்குக் காது குத்துற?"

2. கறுப்பனை அவிழ்த்து ஏரிக்கரைக்கு ஓட்டிவிட்டேன். எனக்கு முன்னால் வீட்டு வாசலில் வந்து நின்றான். காதில் இரண்டு உண்ணி. பொறுக்கிப் போட்டேன், பழக்கம்.

3. ஆஸ்பத்திரியில் தடிப்புக்குக் கொடுத்த மாத்திரை, மீதி இரண்டு.

ஞாயிறு

மேளம் நின்றுவிட்டது. தண்ணீர் தெளித்ததும் கறுப்பன் தலையைச் சிலுப்பினான். ஆத்தா ஒத்துக்கொண்டாளாம்.

வயிற்றுவலி என்று அறைக்குள் தாழ் போட்டிருக்கிறேன். மசாலா வாசனை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமென்றாலும் போன் நைனாவின் சட்டைப் பையில்.

கதவு தட்டும் சத்தம். நைனா.

"கண்ணு, தொற. காலைலேர்ந்து பச்சத் தண்ணி கூட குடிக்காம கீறேன். நீ ஒரு வாய் துன்னாதான் நான் துன்னுவேன்."

அழுகிறார். நைனா அழுது நான் கேட்டதே இல்லை.

"ஈரல்தான் கண்ணு. மெத்துனு கீது."

மறுபடி தட்டுகிறார். மாத்திரையை இப்போதே போட்டுக்கொண்டால்