சத்தம் போன சனிக்கிழமை

மார்ச் 12, வியாழன்
எங்கள் கொட்டகை முதலாளி கக்வா ஐயா ஒருவழியாக இறங்கி வந்தார். எங்கள் ஊர் மசாக்காவில் எந்த வீடியோ கொட்டகைக்குப் போனாலும், மைக் பிடித்து வெளிநாட்டுப் படத்துக்கு எங்கள் லுகாண்டா மொழியில் வசனம் சொல்வது ஆண்கள்தான். "பொம்பளக் குரல யாரு உக்காந்து கேப்பா? சரி, ஒரே ஒரு சனிக்கிழமை தர்றேன். கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா மறுபடி டிக்கெட் கிழிக்கத்தான்" என்றார். போதும், போதும்! சீன வாள்சண்டைப் படம். வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 13
கொட்டகை லேப்டாப் ஒரு வாரமாக அப்டேட் கேட்டு நச்சரித்தது. நல்ல காரியத்துக்கு முன்னால் புதுசாக இருக்கட்டுமே என்று அழுத்தித் தொலைத்தேன். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

பக்கத்துக் கடையில் போன் ரிப்பேர் பார்க்கும் அபியோ ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தாள். "ஸ்பீக்கர் செத்துப்போச்சுடி." என் மைக் அதே ஸ்பீக்கரில்தானே பேசுகிறது? "அப்ப லேப்டாப் செத்துப்போச்சு." இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய! நாலு தடவை அணைத்துப் போட்டோம். ஊமைதான். அழுகையா வருது. ஏன்டி அழுத்தின, ஏன்?

மார்ச் 14, சனி
மூன்று மணிக்கே கொட்டகை நிறைந்துவிட்டது. பெஞ்சு முழுக்க பைக் டாக்சிக்காரர்கள். சத்தம் வரவே இல்லை. கக்வா ஐயா கதவோரம் கைகட்டி நின்றார்.

வேறு வழி? வசனத்தோடு வாளும் நானே — டிங், சளக்! குதிரைக்குப் பெஞ்சைத் தட்டினேன். மழைக்கு மைக்கிட்ட வேர்க்கடலைத் தோலை நொறுக்கினேன். வில்லன் சாகும்போது எங்கள் வீட்டுக்காரர் பல்வலியில் முனகுவதைப் போல முனகினேன். மூன்று பேர் சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்தே விழுந்தார்கள். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. ஐயோ, சந்தோஷம் தாங்கல!

மார்ச் 16
அபியோதான் கண்டுபிடித்தாள். அப்டேட்டுக்குப் பிறகு சத்தமெல்லாம் படம் போகிற கேபிள் வழியாகப் புரொஜெக்டருக்கே போயிருக்கிறது. அதற்கு ஸ்பீக்கரே கிடையாது! செட்டிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றினாள், லேப்டாப் அலறியது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

மார்ச் 21, சனி
கக்வா ஐயா இன்னொரு வாரம் கொடுத்தார். இன்று முறையாகச் சத்தத்தோடு போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முன் பெஞ்சிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "அக்கா, அந்தப் பெட்டி வாய மூடு! குதிரைய நீயே ஓட்டு!" எல்லோரும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

கக்வா ஐயாவே எழுந்து வந்து லேப்டாப்பின் ஒலியை அணைத்தார். "இனி எல்லாச் சனிக்கிழமையும் நீதாம்மா. ம், ஆரம்பி."