பாலாற்று மணலில் ஒரு பரீட்சை

ஆம்பூர்
12.3.1984

அன்புள்ள தம்பி அரங்கநாதனுக்கு அக்கா பங்கஜம் எழுதிக்கொண்டது. குவைத்தில் நீ சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம் என்று பதிலுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எழுதாமல் விடுகிறேன்.

உன் மாமாவின் கருமாதிக்கு வர முடியவில்லையே என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். லீவு கொடுக்காத முதலாளியை நீ என்ன செய்ய முடியும்? எல்லாம் முறைப்படி நடந்தது. நீ அனுப்பிய பணமும் கிடைத்தது. அப்பா போனதிலிருந்து வீட்டிலேயே இருந்த சின்னவள் மனோரமா மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள்.

எப்படி நடந்தது என்று கேட்டிருக்கிறாய். எனக்கே இப்போதுதான் முழுதும் புரிந்தது. மாமா தோல் பதனிடுகிற கம்பெனிக்குப் பச்சைத் தோல் வாங்க ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, வாலாஜாபேட்டை என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் சுற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். போன வருஷம் கம்பெனியில், தோல் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் இனி மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாடு குறுக்கே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மனுஷன் அவர். தலை நரைத்த பிறகு அவருக்கு மோட்டார் சைக்கிள்!

லைசென்ஸ் எடுத்தால் மட்டும் போதாதாம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் ஆபீசர் வந்து ஒவ்வொருவரையும் ஓட்டச் சொல்லிப் பார்த்து மார்க் போடுவாராம். புதிதாகப் பழகினவர்கள் அத்தனை பேரும் பாஸானால் கம்பெனி கட்டுகிற இன்சூரன்ஸில் பெரிய சலுகை. ஒருவர் தவறினாலும் சலுகை கிடையாது. தவறினவருக்குத் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. அந்த வயதில் அந்தத் தொட்டியில் நின்றால் கால் என்ன ஆகும்? அதற்குப் பயந்துதான் அவர் வண்டி பழகினார்.

இந்த ஊரில் வண்டி பழகுகிற எல்லோருக்கும் பாலாறுதான் மைதானம். தண்ணீரா ஓடுகிறது, மணல்தானே. விழுந்தாலும் அடிபடாது. மாமாவுக்குப் பழக்கிவிட்டது அவருடைய தோஸ்த் முக்தார் அகமது பாய். மணலில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறத் தள்ளிவிடுமாம். விழுந்தால் மார்க் போச்சு. அதனால் பழகுகிற வண்டிக்கு முன் பிரேக் கம்பியைத் தளர்த்திவிடுவது இங்கே வழக்கம். கை தெரியாமல் பிரேக்குக்குப் போனாலும் பிடிக்காது. வண்டி ஆடினால் இரண்டு காலையும் கீழே விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். சோறு தின்னும்போதுகூட மாமாவின் வலது கை முறுக்கிக்கொண்டிருக்கும். நானும் மனோரமாவும் கேலி செய்து சிரிப்போம்.

பரீட்சையும் அதே வண்டியில், அதே மணலில்தான். அவர் ஒரு தடவைகூட விழவில்லை. முழு மார்க். கம்பெனியில் மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அந்த மாலையை என் கழுத்தில் போட்டார்.

அப்புறம் மாதனூர் தாண்டி அந்த லாரி. முன்னால் போய்க்கொண்டிருந்த அது திடீரென்று நின்றிருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார். “ரெண்டு காலையும் தொங்கப் போட்டுக்கினு, வண்டிய முறுக்கிக்கினே போய் இடிச்சாரும்மா. இன்னா ஏதுன்னே புரியல” என்றார். எனக்குப் புரிந்தது. மணலில் பழகின கையும் காலும் ரோட்டிலும் அதையே செய்திருக்கின்றன; காலைத் தொங்கவிட்டால் கால் பிரேக்கும் இல்லை. வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்த அன்று முக்தார் பாய் முன் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். தளர்ந்தபடியே கிடந்தது. பாஸான பிறகு அதை இறுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. “நான்தான் லூஸ் பண்ணேன் தங்கச்சி” என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அவரைத் திட்டலாம் என்று இருந்தவள், காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் வேலையை நம் பெரியவன் கங்காதரனுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அவனுக்கும் அதே பரீட்சை, அதே மணலில். நான் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். தாலி இறங்கிய ஈரம் காயவில்லை, அதற்குள் கம்பெனி வாசலில் நிற்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும். பையனை ரோட்டில் ஓட்டவைத்துப் பாருங்கள், பிரேக் பிடிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள் என்று கேட்டேன். “பேஜார் பண்ணாதீங்கம்மா. ரோட்டுல வெச்சா பாதிப் பேரு பெயிலாயிடுவான், சலுகை மொத்தமும் போய்டும்” என்றார். பெயிலாகிறவன் ரோட்டில் போகலாமா என்று கேட்டேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது.

தம்பி, எனக்கு ஒன்று செய். “நான் உன்னைக் குவைத்துக்கு அழைத்துக்கொள்கிறேன், இந்த வேலைக்குப் போகாதே” என்று கங்காதரனுக்கு எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது. புருஷனைக் கொடுத்துவிட்டேன். பிள்ளையையும் கொடுக்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே.

இப்படிக்கு
உன் அக்கா பங்கஜம்

ஆம்பூர்
20.4.1984

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ விசாவைப் பற்றி எழுதியதைக் கங்காதரன் இரண்டு தடவை படித்தான். “மாமா அடுத்த வருஷம்னு எழுதியிருக்காரு. சோறு இன்னிக்கு வேணுமேம்மா” என்று சொல்லி மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். அவன் சொல்வதிலும் தப்பில்லை.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வராதே என்றான். போனேன். கரையில் நின்றுகொண்டு, என் பிள்ளை விழ வேண்டும் என்று பள்ளிகொண்டா ரங்கநாதரை வேண்டினேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டுவாளா? மணல்தானே, சாமி, ஒரு தடவை தள்ளிவிடு, அடிபடாது என்று சொல்லிச் சொல்லிக் கும்பிட்டேன். கடைசிச் சுற்றில் வண்டி சாய்ந்தது. என் மனசு குளிர்ந்துபோனது. அவன் சட்டென்று இரண்டு காலையும் கீழே விட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி நிமிர்ந்துவிட்டான். அச்சு அசல் அவன் அப்பா. எல்லோரும் கை தட்டினார்கள். முக்தார் பாய் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முழு மார்க். மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. கம்பெனிக்குச் சலுகையும் கிடைத்துவிட்டதாம்.

இந்தத் தடவை முக்தார் பாய் அன்றைக்கே வந்து முன் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார். ரோட்டில் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவனும் தலையை ஆட்டினான். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. நேற்று அவன் வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டிமேல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் திடீரென்று எதிரே ஓடிவந்து, “லாரி!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவனுடைய இரண்டு காலும் தரைக்குப் போயின. வலது கை முறுக்கியது. பிரேக் பக்கம் ஒரு விரல்கூட அசையவில்லை.

அவன் சிரித்தான். “இன்னாம்மா நீ, பயித்தியமா?” என்றான். கண்டபடி திட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்று முதல் நாள். ஒடுகத்தூர் போகிறான். மாதனூர் வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. கிளம்பும்போது என் காலில் விழுந்தான். அவன் தலையில் கை வைத்தேன். நல்லாயிரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை தம்பி. அவன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே காத்திருந்துவிட்டு, எழுந்து போய்விட்டான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஆசீர்வாதத்தை நீ எழுதி அனுப்பு. அவன் பெயருக்கே தனியாக எழுது. உன் கடிதம் இங்கே வந்து சேர்வதற்குள் அவன் எத்தனையோ தடவை அந்த ரோட்டில் போய் வந்திருக்க வேண்டும். இருந்தாலும் எழுது.

உன் அக்கா
பங்கஜம்