மண்டையோட்டுக்குப் பொட்டு

கரமனை
29.10.2001

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமென்றுதான் எழுதியிருப்பாய்.

நான் சமையல் செய்கிற வீட்டு மஹேஷ் சாரைப் போல ஒரு கிறுக்கனை நீ பார்த்திருக்க மாட்டாய். மெட்டல், ஹார்ட்கோர் என்று தொண்டை கிழியக் கத்துகிற கோஷ்டிகளின் இசைத்தட்டுகளை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறார். ஐந்நூறு தட்டு மட்டும் அடித்து நம்பர் போடுவார்களாம். அதைக் கேட்பதும் இல்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம்.

ஆயுத பூஜைக்கு, "எல்லாத்தையும் தொடச்சுப் பொட்டு வை" என்றார். தூசி படிந்த உறைகளைக் கிழித்தெறிந்துவிட்டு, அட்டையிலிருந்த மண்டையோடுகளின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"இது நாப்பத்திமூணாம் நம்பராக்கும், சுடலை" என்று நாற்பது வயது மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார். கேட்காத பாட்டுக்கு இவ்வளவு அழுகை. பயப்படாதே, வேலை போகவில்லை. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது, நான் இன்னும் பிரிக்கவில்லை. படித்தால் தீர்ந்துவிடும். இனிமேல் இரண்டாக எழுதிப் போடு. ஒன்றையாவது வந்த அன்றே பிரித்துவிடுகிறேன்.

சுடலைக்கண்ணு