இன்னொரு ராடு வாங்கியாயிற்று

ராயப்பன்பட்டி,
லூர்து மாதா திருநாள்.

அன்பு மகன் ஸ்டீவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் ஷெரினும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நான் சுகம். அப்பா எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். "கேளும்மா, நான் சொல்றதக் கேளும்மா" என்று நீ ஆரம்பித்தால் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

முதலில் செய்தி. அப்பா மீன் பிடிக்கிற ஃப்ளை ராடுகளை விலைக்கு எடுக்க நீ அனுப்பிய ஆள் வந்தார். ஒன்றைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். எட்டும் பீரோவுக்கு மேலே பழைய இடத்திலேயே இருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. அதே ஆளிடம் ஒன்பதாவதாக இன்னொரு ராடு வாங்கியாயிற்று. வாங்கியது அப்பா இல்லை. நான்.

அம்மாவுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நீ ஷெரினிடம் சொல்வாய். பக்கத்துத் தோட்டத்துச் சுருளியம்மாள் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். "ஏத்தா, அண்ணனுக்குத்தான் கை நடுங்குது, ஒனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள். பதில் சொல்லாமல் திராட்சைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன்.

நவம்பரில் அப்பா ஆற்றில் விழுந்ததிலிருந்துதான் நீ இப்படி ஆனாய். பாசிக் கல்லில் வழுக்கினார், மாடு குளிப்பாட்ட வந்தவர்கள் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார்கள். அதைக் கேட்டு நீ அழுதது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ராடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் படம் பிடித்தாய். அப்பாவின் நினைவுக்காக எடுக்கிறான் பிள்ளை என்று நான் டார்ச் லைட் பிடித்து உதவி வேறு செய்தேன். நீ நியூசிலாந்து திரும்பிப் போய் இன்டர்நெட்டில் விளம்பரம் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. "அப்பாவிடம் கேட்டேன், தலையாட்டினார்" என்கிறாய். அவருக்கு இப்போது தலையும்தான் ஆடுகிறது, ஸ்டீவன்.

என்னை உன் கட்சி என்று நீ நினைத்ததில் தப்பில்லை. அந்த ராடுகளுக்கு எதிராக இந்த வீட்டில் சண்டை போட்டவள் நான் ஒருத்திதான். மலை மேலே எஸ்டேட் ஃபாக்டரியில் மெக்கானிக்காக இருந்த மனுசன், அங்கே ஒரு மேனேஜரிடம் பழகி இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊரில் எல்லோரும் புழு குத்தித் தூண்டில் போடுவார்கள். உன் அப்பா இறகை நூலால் சுற்றிப் பொய்ப் பூச்சி கட்டி, அதைச் சாட்டை வீசுகிற மாதிரி ஆகாயத்தில் வீசுவார். அவரால் நம் வீட்டுச் சேவல் எதற்கும் கழுத்தில் இறகு தங்கியதில்லை. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த மீனையாவது கொண்டுவருவாரா? தடவிக் கொடுத்துத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிட்டு வருவார். நான் கம்பம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன்.

ஐந்தாவது ராடு வந்த அன்று, கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நானே நின்று கழுத்து ஒடியக் கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் சனிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கி, மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு, ராடு வைத்த நீளக் குழாயோடு வந்தார். அன்று ராத்திரி நான் சோறு போடவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் உன் தட்டிலிருந்து பாதி கொடுத்தாய். சோறு போடாததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அன்றைக்குச் சண்டை போட்டதும் நியாயம், இன்றைக்கு வாங்கியதும் நியாயம்.

நீ அனுப்பிய ஆளுக்குத் தங்கப்பாண்டியன் என்று பெயர். போடிக்காரர். வெளியூர்க்காரர்களை மலைக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போகிற தொழிலாம். மரியாதையான மனிதர். "உங்க மகன் போன்ல எல்லாம் பேசிட்டாக, வந்து எடுத்துக்கிறச் சொன்னாக" என்று வாசலிலேயே சொன்னார். அப்பா விடிந்ததிலிருந்து அந்த வேலையாகத்தான் இருந்தார். பழைய வேட்டியைக் கிழித்து எட்டையும் துடைத்துக் கட்டிலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன்.

வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எது எந்த ஓடையில் வீசியது என்று அப்பா ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொன்னார். குரல் இப்போது உள்ளுக்குள்ளேயே போய்விடுகிறது. தங்கப்பாண்டியன் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றை மாட்டி, நூல் கோத்து, "ஐயா, ஒரு தடவ வீசிக் காட்டுங்க, பாத்துக்கிறேன்" என்று அப்பா கையில் கொடுத்தார்.

தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே கூடை ஏற்றுகிற வெட்டவெளியில் போய் நின்றார்கள். நான் ஏதோ வேலை இருப்பது போலப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காப்பி டம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் கொட்டுகிற கை அது. ராடைத் தூக்கியதும் நடுக்கம் எங்கேயோ போய்விட்டது. சும்மா இருக்கும்போதுதான் அதிகம் நடுங்கும், வேலை செய்யும்போது குறையும் என்று மதுரை டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. நூல் பின்னால் போய் நீண்டு, முன்னால் வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் தரையில் இறங்கியது. இன்னொரு தடவையும் அதே போல. அடுத்த தடவை ராடே கையிலிருந்து நழுவிப் பறந்துபோய்ப் புழுதியில் விழுந்தது.

அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கப்பாண்டியன் போய் எடுத்து வந்து துடைத்தார். "கை நல்லாத்தான் போகுதுய்யா. பிடிதான் நிக்க மாட்டேங்குது" என்றார். இரண்டு கையாலும் பிடிக்கிற ராடு ஒன்று தன்னிடம் இருக்கிறது, தலைக்கு மேலே சுழற்ற வேண்டாம், நூலைத் தண்ணீர் மேலேயே இழுத்து உருட்டிவிட்டால் போய்விடும், ஒரு கை விட்டாலும் இன்னொரு கை பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். அப்பாவின் கண்ணில் ஒரு நொடி வெளிச்சம் எழுந்தது. நான் பார்த்தேன். பிறகு அவராகவே அதை அணைத்துவிட்டார். "போதும் தம்பி. இருக்கதையே குடுக்கப் போறேன். இனி எதுக்கு இன்னொண்ணு?" என்றார்.

போதும் என்றார், ஸ்டீவன்! கல்யாணம் ஆன நாளிலிருந்து ராடு விஷயத்தில் இந்த மனுசன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன். அது வந்தபோது எனக்கு வேண்டாததாகப் போய்விட்டது. அது ராடுக்குச் சொன்ன "போதும்" இல்லை என்று எனக்குத் தெரியும். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா?

நான் பந்தல் காலை விட்டு வந்தேன். "இங்கன எதுவும் விக்கிறதுக்கு இல்ல. எம் மகன் தெரியாமச் சொல்லிட்டான். நீங்க அந்த ரெண்டு கை ராடக் கொண்டாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். உள்ளே வந்து காப்பி குடித்தார். போகும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவரைத் திட்டாதே.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நான் வாங்குவோம் என்கிறேன், அவர் வேண்டாம் என்கிறார். "வைக்க எடம் எங்க இருக்கு?" என்கிறார். "மீனாத் திங்கப் போறோம்?" என்கிறார். "ஊருல என்ன பேசுவாக?" என்கிறார். எல்லாம் நான் பேசிய பேச்சு. என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "உங்க வாயில எம் பேச்சு நல்லா இல்ல, வேற பேசுங்க" என்றேன்.

வேறு பேசினார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "வாங்கி எத்தன மாசத்துக்கு, பிலோமினா?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "எத்தன மாசமோ அத்தன மாசம்" என்று கத்திவிட்டேன். சுளகைக் கீழே வைத்துவிட்டு அவர் கண் முன்னாலேயே தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டேன். விலை என்ன என்று நீ கேட்காதே. என் திராட்சைக் காசு.

ராடு வந்தது. பதினோரு அடி நீளம், நாலு துண்டாகக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். அப்பா முதல் நாள் தொடவே இல்லை. மறுநாள் நான் தோட்டத்திலிருந்து வந்தபோது மாட்டி வைத்து, கைப்பிடியை மட்டும் தடவிக்கொண்டு இருந்தார். நான் பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

போன சனிக்கிழமை ஆற்றுக்குப் போனோம். எக்ஸெல் வண்டியை நான் ஓட்டினேன். அவர் ராடை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார். உத்தமபாளையம் தாண்டி ஆறு வளைகிற இடத்தில், மணலாக இருக்கிற பக்கமாக இறங்கினோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் தண்ணீரில் நின்றேன். அவர் இடுப்பில் பழைய தோல் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டு, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விழுந்துவிடுவார், விழுந்துவிடுவார் என்று அங்கிருந்து பயப்படுகிறாயே, விழுந்தால் என் கையோடுதான் விழுவார். இத்தனை வருஷம் பந்தல் கம்பியை இழுத்துக் கட்டிய கை இது.

முதலில் ஒன்றும் சரிவரவில்லை. நூல் அவர் காலிலேயே சுற்றிக்கொண்டது. பிறகு கொக்கி வந்து என் முந்தானையில் மாட்டியது. எடுக்கப் போனால் இன்னும் மாட்டுகிறது. "பெரிய மீனாத்தான் மாட்டிருக்கு" என்றார் உன் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். பெல்ட்டைப் பிடித்திருந்த என் கைக்கு அது நடுக்கமா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை.

வெயில் ஏறியபோது ஒரு வீச்சு சரியாகப் போனது. நூல் தண்ணீர் மேல் வளையமாக உருண்டு, அக்கரை நிழல் வரை போய்ப் படிந்தது. அவர் திரும்ப இழுத்து, திரும்ப விட்டார். மீன் எதுவும் கடிக்கவில்லை. கடித்திருந்தாலும் கொண்டுவந்திருக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தபோது வழக்கம் போல மடியில் கொட்டிக்கொண்டார். ராடு வாங்கியதால் நோய் போய்விடும் என்று நம்புகிற முட்டாள் நான் இல்லை. நோய் தன் வேலையைச் செய்யும். நாங்களும் எங்கள் வேலையைச் செய்வோம்.

மதுரையில் ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறாய் என்று ஷெரின் சொன்னாள். நல்ல மனசோடுதான் பார்த்தாய். அதில் வேறு யாரையாவது குடிவைத்து வாடகை வாங்கிக்கொள். அந்த விளம்பரத்தையும் இன்றைக்கே எடுத்துவிடு. இனிமேல் வேறு ஆள் வந்தால் அவரிடமும் ராடு இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

நியூசிலாந்தில் எந்த ஆற்றில் இறங்கினாலும் ட்ரவுட் மீன் என்று அப்பா பூசைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். "என் மகன் அங்கேதான் இருக்கான்" என்பார். உன்னிடம் அதைப் பற்றி ஒரு தடவையும் கேட்டதில்லை. இப்போது அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார அவரால் முடியாது. அதை விடு.

ஜூனில் பெரியாறு அணையைத் திறந்தால் ஆற்றில் இழுப்பு அதிகமாகிவிடும். அதற்கு முன்னால் ஒரு வாரம் லீவு போட்டு வா. நான் பெல்ட்டைப் பிடித்தால் அப்பா முழங்கால் தண்ணீரைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறார், எனக்கு ஏதாவது ஆகிவிடுமாம். நீ பிடித்தால் இன்னும் இரண்டு எட்டு உள்ளே போவார்.

ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் எங்கேயும் கால் வழுக்காமல் காக்கட்டும்.

உன் அம்மா,
பிலோமினாள்