ரெஜி, உன் மணிக்கூடு பேசிவிட்டது

என் அன்பு மச்சான் ரெஜி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உன் மணிக்கூடு பேசிவிட்டது. நீ இல்லாமல் அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

கண் தெரியாத உன் அம்மாவுக்கு உன் குரலில் மணி சொல்ல நீ செய்யத் தொடங்கிய அந்தச் சின்ன சர்க்கிட் போர்ட், இன்னும் கொட்டாஞ்சேனையில் உன் மேசையில்தான் இருக்கிறது. கம்பியும் பற்றரியுமாய் இருந்த அதை வெள்ளவத்தைக்கு, என் அறைக்குக் கொண்டுவரச் சொன்னபோது நீ சிரித்தது ஞாபகமா? "இதைத் தூக்கிக்கொண்டு ஆமி செக்பொயின்ற் தாண்டினா, குண்டுன்னு நினைச்சு ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான் மச்சான்."

அதனால்தானே வேலையைப் பிரித்துக்கொண்டோம்? என் கம்ப்யூட்டரில் ஓடுவது உன் போர்டில் ஓடாது. இரண்டுக்கும் ப்ராசஸர் வேறு. இங்கே இருந்தபடியே அங்கே ஓடக்கூடிய புரோகிராமை ஆக்கித் தரும் கிராஸ் கம்பைலரை நான் என் அறையில் அமைத்தேன். ஆக்கியதைப் பாட்டு சீடி மாதிரி பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவேன்.

நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் மணிக்கூடு வாய் திறக்கவில்லை. நீ திரும்பி வரவே இல்லை. பிறகு அதைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. அரைவாசியில் விட்டுவிட்டுப் போனாயே என்று உன்மேல் கோபம்கூட வந்தது.

கடைசியில் பிழை பிடிபட்டது. கம்பைலரோடு நாங்கள் சேர்த்திருந்த லைப்ரரி, அதாவது துணைப் புரோகிராம் தொகுப்பு, போர்டில் இருப்பதைவிடப் புதியது. போர்டின் பழைய லைப்ரரியை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினேன். இடையில் கரண்ட் போனபோது நான் திட்டியது உனக்குக் கேட்டிருக்கும்.

போன ஞாயிறு, உன் அம்மா சேர்ச்சில் பூசை முடிந்து வந்த பிறகு, அதைப் போர்டில் ஏற்றினேன்.

"மணி பத்து" என்றாய். தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்கிறாய். அதைக்கூடப் பதிவிலிருந்து வெட்டாமல் விட்டிருக்கிறாய், சோம்பேறி.

"ஓம் மகன்" என்றார் உன் அம்மா. எவ்வளவு ஆசையாய் இருந்தது தெரியுமா, நீ அடுத்த அறையில் இருந்து வரமாட்டாயா என்று?

உன் பதிவுகளில் பன்னிரண்டு மட்டும் இல்லை. எங்கு தேடியும் கிடைக்கவில்லை. என் குரலில் போடட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம் மகன். அவன் பேசாட்டி பன்னெண்டுன்னு எனக்கு வெளங்கும்."

அந்த இடத்தை நான் நிரப்பமாட்டேன், ரெஜி. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசாமல் இருக்கும் அந்த நேரத்துக்கு, அவர் பக்கத்தில் வந்து இருப்பேன்.

உன் மச்சான்,
உன் அம்மாவுக்கு இன்னொரு மகன்