குவைத்திலிருந்து நீ கொண்டுவந்த குரல்

இன்று மதியம் சாப்பாட்டு மணி அடித்தபோது கைபேசியில் அந்தச் செய்தி வந்தது. உன் அரபுப் பாடகி ஆறு வருடம் கழித்து மறுபடி மேடை ஏறியிருக்கிறாள். பசை வாடை போகாத விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இளைத்திருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். நீ இறந்து நேற்றோடு நாற்பது நாள் முடிந்தது.

குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சென்ட்டும் போர்வையும் கொண்டுவந்தார்கள். நீ அவள் பாட்டுகளைக் கொண்டுவந்தாய். ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்து அவள் கதையைச் சொல்வாய். கல்யாண வீடுகளில் பாடிய சின்னப் பெண், அண்ணன்களுக்குத் தெரியாமல் வெளியான முதல் கேசட், பிறகு போன இடமெல்லாம் கூட்டம், கடைசியில் தொண்டையில் ஆபரேஷன்.

"குரல் போச்சுன்றாங்க. நீ வேணா பாரு, அவ திரும்பி வருவா," என்பாய், சொந்த அக்காவைப் பற்றிப் பேசுவதுபோல.

உன் வீட்டில் அவள் பாட்டைப் போட்டால் உன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு அசையாமல் உட்காருவார். அவரைப் பார்த்து, பாட்டு என்றாலே கத்துகிற, காது மந்தமான உன் அத்தாவும் தொப்பியை மாட்டிக்கொண்டு அமைதியாகிவிடுவார். அரபி என்றாலே குர்ஆன் ஓதல் என்று நினைக்கிறார்களே என்று நாம் சமையலறையில் வாயைப் பொத்திச் சிரித்தோம். "சொல்லிடாதடி," என்றாய். நான் சொல்லவில்லை.

இன்று வேலை முடிந்து, நேற்று உன் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சோறு கொடுத்தனுப்பிய தூக்கைத் திருப்பித் தரப் போனேன். உன் அம்மா கேட்டார்: "அவ போடுவாளே, அது உன் போன்ல இருக்குதாம்மா?"

இனியும் ஏமாற்ற எனக்குத் தெம்பில்லை. "அம்மா, அது ஓதல் இல்ல. பாட்டு."

"தெரியும். ஓதலுக்கு யாராச்சும் தபலா அடிப்பாங்களா? நான் முக்காடு போட்டாதான் அவரு சும்மா இருப்பாரு. புள்ள கேட்டுக்கட்டும்னு உக்காந்துக்கினு இருந்தேன்." தூக்கை வாங்கி வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குக் குரல் வந்துச்சா?" என்றார்.

வந்துவிட்டது என்றேன். நாற்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

பாட்டைப் போட்டேன். உன் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டார். கூடத்தில் உன் அத்தா தொப்பியைத் தேடினார். சமையலறைக்குப் போய்ச் சிரிக்க நீ இல்லை. நானும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.